முற்றம் வைத்த புது வீடு எப்போது குளிரும்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழற்றி வந்த பர்மா தேக்குத் தூண்களும், சிற்ப வேலைப்பாடு கொண்ட நிலைகளும், பித்தளைப் பூண் போட்ட கதவுகளும் அங்கே விலை பேசப்படுகின்றன. அவற்றில் ஒரு பகுதி நகரங்களில் எழும் புதிய தனிவீடுகளுக்குப் போய்ச் சேர்கிறது. அழகு மட்டும் கருதி வாங்குபவர்கள் உண்டு. ஆனால் இப்போது பலர் எதிர்பார்ப்பது அதற்கும் மேல். "அந்தக் காலத்து வீடு மாதிரி கட்டினால் ஏசி இல்லாமலே இருக்கலாம்" என்ற நம்பிக்கையோடு திண்ணை, நாலு தூண், நடுவில் முற்றம், மேலே ஓடு என்று வரைபடம் கேட்கிறார்கள். வீடு முடிந்து முதல் சித்திரை வந்ததும் மாடி அறை அனலாகக் கொதிக்க, தூண்களுக்குச் சற்றுத் தள்ளி ஏசியின் வெளிப்பெட்டி மாட்டப்படுகிறது.

பழைய வீடு குளிர்ந்தது என்பது பொய்யில்லை. ஆனால் அது கூரையின் தடிமன், சுவரின் மேல் விழுந்த நிழல், குறுக்கே ஓடிய காற்று, இவற்றோடு அங்கே வாழ்ந்தவர்கள் பொழுதுக்கேற்ப இடம் மாறிக்கொண்ட பழக்கம் ஆகிய நான்கும் சேர்ந்து நடந்த காரியம். தூணும் ஓடும் கண்ணில் படுகின்றன, மற்றவை படுவதில்லை. எனவே பழைய கட்டடக் கலையிலிருந்து மின்சாரத்தைச் சேமிக்கும் குடும்ப வீட்டைப் பெற வேண்டுமானால், எந்த உறுப்பு என்ன வேலை செய்தது, அந்த வேலை இன்றைய மனையிலும் இன்றைய வாழ்க்கையிலும் எப்படி நடக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் சூரியன். சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 25-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சந்தலையில் நிற்கும்; ஜூன் மாதத்தில் உச்சியைத் தாண்டிச் சற்று வடக்கே நிற்கும். அதாவது நம் ஊர்களில் கோடைக்காலத்தில் வீட்டின் வேறெந்த முகத்தையும்விட அதிக வெயிலை வாங்குவது மொட்டைமாடி. அடுத்தது மேற்குச் சுவர், பிறகு கிழக்குச் சுவர். தெற்குச் சுவர் கோடையில் பெரிய தொல்லை தராது. ஐரோப்பிய ஆற்றல் சிக்கன வீடுகளைப் பற்றிப் படித்துவிட்டுத் தெற்குச் சன்னலையும் காற்றுப் புகாத சுவரையும் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு இது முக்கியம். 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கட்டி முடிக்கப்பட்ட, அவ்வகை வீடான முதல் 'பாசிவ் ஹவுஸ்', உள்ளே இருக்கும் வெப்பம் வெளியே போகாமல் காக்கப் பிறந்தது. நம் சிக்கல் அதற்கு நேர் எதிரானது.

ஆகவே கூரையிலிருந்தே தொடங்க வேண்டும். 'மெட்ராஸ் டெரஸ்' என்று அழைக்கப்பட்ட பழைய மாடித்தளம், மர உத்தரங்களின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, இறுதியில் தட்டோடு பதித்துச் செய்யப்பட்டது. மொத்தம் 25 சென்டிமீட்டர் அளவுக்குத் தடிமன் இருக்கும். இன்றைய கான்கிரீட் தளம் பெரும்பாலும் 12 சென்டிமீட்டர்தான். பொருள்களின் வெப்பங்கடத்தும் எண்களை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீட்டர் கான்கிரீட் தளம் ஏறத்தாழ 3 வாட் வெப்பத்தை உள்ளே விடுகிறது. மெட்ராஸ் டெரஸ் 2 வாட்டுக்குச் சற்றுக் குறைவாக விடுகிறது. வேறுபாடு உண்டு, ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. இந்தியாவின் குடியிருப்புக் கட்டட ஆற்றல் விதித்தொகுப்பான 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' 2018-இல் வெளியானபோது கூரைக்கு விதித்த உச்ச வரம்பு 1.2 வாட். அந்த அளவுகோலில் நம் பாட்டன் வீட்டுக் கூரையும் தேறாது.

அப்படியானால் அந்த வீடு எப்படிக் குளிர்ந்தது? தடித்த சுண்ணாம்பு, செங்கல் தளம் வெப்பத்தைத் தடுத்ததைவிடத் தாமதப்படுத்தியதே அதிகம். நண்பகலில் மேலே விழுந்த சூடு அந்தத் தளத்தைக் கடந்து உத்தரத்தை எட்ட எட்டு, பத்து மணி நேரம் ஆகும். கான்கிரீட் தளத்தில் மூன்று மணி நேரத்திலேயே வந்துவிடும். பழைய வீட்டுக் கூடம் பிற்பகல் முழுவதும் குளுமையாக இருந்ததற்கும், உள்ளறை இரவு பத்து மணிக்குப் புழுங்கியதற்கும் காரணம் ஒன்றே. ஆனால் இரவு பத்து மணிக்கு அங்கே யாரும் இல்லை. ஆண்கள் திண்ணையிலும், மற்றவர்கள் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்திலோ மொட்டைமாடியிலோ பாய் விரித்துப் படுத்துவிட்டார்கள். உள்ளறை நகைக்கும் நெல்லுக்கும் பாத்திரத்துக்குமான இடம். இன்றைய குடும்பம் பகலில் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டு, இரவில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் படுக்கிறது. பழைய தடிமனை அப்படியே கொண்டுவந்து படுக்கையறைக்கு மேல் வைத்தால், ஆளில்லாத நேரத்தில் குளிர்ச்சியும் தூங்கும் நேரத்தில் புழுக்கமும் கிடைக்கும். பழமையை விரும்புவோர் எழுதும் புகழுரைகளில் இந்தக் கணக்கு வருவதே இல்லை.

படுக்கையறைக்கு மேலே வேண்டியது தாமதம் இல்லை, தடுப்பு. கான்கிரீட் தளத்தின் மேற்புறத்தில் எக்ஸ்பிஎஸ் எனப்படும் வெப்பந்தடுக்கும் நுரைப் பலகையை 5 சென்டிமீட்டர் தடிமனில் பதித்து, அதன் மேல் சாந்தும் வெள்ளை ஓடும் போட்டால், மேலே சொன்ன 3 வாட் அரை வாட்டை ஒட்டி இறங்கிவிடும். பலகையைத் தளத்துக்கு அடியில், பொய்க்கூரைக்குள் ஒளித்து வைப்பவர்கள் கான்கிரீட்டை வெயிலில் காயவிட்டுவிட்டுப் பிறகு அதோடு போராடுகிறார்கள். பணம் குறைவென்றால் வெள்ளைப் பூச்சாவது பூச வேண்டும். ஆனால் தூசி படிந்த வெள்ளை வெள்ளையாக வேலை செய்யாது, பங்குனி பிறக்கும்முன் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். நாட்டு ஓடு வேய்ந்த சாய்கூரையின் வழி வேறு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த ஓடுகளுக்கிடையே காற்று புகுந்து வெளியேறுவதால் சூடு தங்குவதில்லை. கான்கிரீட்டைச் சாய்வாக வார்த்து, அதன்மேல் அழகுக்காக ஓட்டைச் சிமெண்டு வைத்து ஒட்டும்போது அந்தக் காற்றிடை அடைபட்டுப் போகிறது. சட்டங்களின் மேல் ஓட்டைத் தூக்கி வைத்து அடியில் இரண்டு அங்குலம் விட்டால், அதே ஓடு பழையபடி வேலை செய்யும்.

அடுத்தது நிழல். தாழ்வாரமும் திண்ணையும் உறவாடுவதற்கான இடங்கள் என்றே பேசப்படுகின்றன. அவை சுவரைக் காத்த குடைகளும்கூட. ஏப்ரல் இறுதியில் சென்னையில் காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் சூரியன் சுமார் 45 டிகிரி உயரத்தில் இருக்கும். அந்த நேரத்தில் இரண்டடி சன்ஷேடு சுவரில் இரண்டடி நிழல்தான் தரும். ஆறடித் தாழ்வாரம் ஆறடி நிழல் தரும். மாலை நாலரை மணிக்கு மேற்குச் சுவரில் இது பாதியாகக் குறையும். அந்த வேளையில் எந்த ஷேடும் போதாது. மூங்கில் தட்டி, வெட்டிவேர்த் தட்டி, சாய்வான மரப்பட்டைகள் கொண்ட வெனிஷியன் கதவு, இல்லையேல் ஒரு வேப்பமரம் என்று சன்னலுக்கு வெளியே நின்று தடுக்கும் ஏதாவது ஒன்று வேண்டும். கண்ணாடிக்கு உட்புறம் தொங்கும் திரை வெளிச்சத்தை மறைக்குமே தவிர, கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத் திருப்பி அனுப்பாது. மேற்கில் மாடிப்படி, குளியலறை, பூஜைச் சாமான் அறை போன்றவற்றை வைத்துப் படுக்கையறையைக் காப்பது செலவில்லாத வழி.

முற்றத்துக்கு வருவோம். செட்டிநாட்டில் வளவு, தஞ்சைப் பக்கம் கூடத்து முற்றம், கொங்கு நாட்டில் தொட்டிக்கட்டு, கேரளத்தில் நாலுகெட்டு, யாழ்ப்பாணத்தில் நாற்சார் வீடு என்று பெயர்கள் மாறினாலும் வானம் பார்த்த ஒரு நடுவெளியைச் சுற்றி அறைகள் அமைவது பொது. இரவில் தரை தெளிந்த வானத்தை நோக்கி வெப்பத்தை உமிழ்ந்து குளிர்கிறது. கனத்த குளிர்காற்று முற்றத்தில் இறங்கித் தாழ்வாரத்துக்குள் பரவுகிறது. பகலில் முற்றத்துக் காற்று சூடேறி மேலெழ, தெருவாசல் வழியாகவும் கொல்லைவாசல் வழியாகவும் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. வாசலிலிருந்து பார்த்தால் கொல்லை தெரியும்படி கதவுகள் ஒரே நேர்கோட்டில் அமைந்தது இதற்கு உதவியது. காற்று வறண்டு, இரவு தெளிவாக இருக்கும் உள்மாவட்டங்களில் இந்த ஏற்பாடு நன்றாக நடக்கும். கடலோரச் சென்னையில் மே மாத இரவில்கூட வெப்பம் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஈரம் மிகுந்த வானம் குளிர்ச்சியையும் அவ்வளவாகத் தருவதில்லை. அங்கே முற்றம் சேமித்துத் தரும் குளிர்ச்சி குறைவு. பிற்பகலில் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும் கடற்காற்றுக்கு வெளியேறும் வாயாக இருப்பதுதான் அதன் பயன். முற்றம் என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு ஊர்களில் இரண்டு வேலைகள் என்பதை வரைபடம் போடும்முன் முடிவுசெய்ய வேண்டும்.

இந்த இரண்டு வேலைகளையும் ஒரேயடியாகக் கெடுக்கும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. கொசு, குரங்கு, திருடன், மழை ஆகிய நால்வருக்கும் அஞ்சி முற்றத்தின் மேல் கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ போட்டு முழுவதும் மூடிவிடுகிறார்கள். அச்சம் நியாயமானது, தீர்வு தவறானது. உச்சி வெயில் உள்ளே வரும், சூடான காற்று வெளியே போகாது, வீட்டு நடுவில் ஒரு பசுமைக்குடில் உருவாகும். மூடித்தான் ஆக வேண்டுமென்றால் மூடியைச் சுற்றுச்சுவருக்கு மேல் இரண்டடி தூக்கி வைத்து, அந்த இடைவெளியை நான்கு பக்கமும் கம்பியும் கொசுவலையும் போட்டுத் திறந்தே விட வேண்டும். மூடியின் மேல் நிழல் தர மரச்சட்டங்களோ கொடியோ வேண்டும்.

இன்னொரு சிக்கல் மனையிலேயே இருக்கிறது. பழைய தெருக்களில் வீடுகள் பக்கச்சுவர்களைப் பகிர்ந்துகொண்டு ஒட்டி நின்றன. நீண்டு ஒடுங்கிய அந்த வீடுகளில் வெயில் படும் சுவர்கள் முன்னும் பின்னும் மட்டுமே. பக்கங்களில் சன்னல் வைக்க வழியில்லாததால்தான் நடுவில் வானத்தைத் திறந்தார்கள். இன்றைய விதிகள் மனையைச் சுற்றிலும் இடம் விடச் சொல்கின்றன. அரை கிரவுண்டு, அதாவது 1200 சதுர அடி மனையில், முன்னும் பின்னும் பக்கமும் விட்டது போக மிஞ்சுவதில் பத்துக்குப் பத்து முற்றம் வைத்தால் அறைகள் சிறுத்துப் போகும். நான்கு சுவர்களும் வெயிலில் நிற்கும். அத்தகைய மனையில் நடு முற்றத்தைவிட, வீட்டின் ஒரு மூலையில் இரண்டு அறைகள் திறக்கும்படி ஒரு சிறு வெளியை வைத்து, அதைப் பக்கத்து இடைவெளியோடு சேர்த்துவிடுவது நல்லது. மாடிப்படிக்கு மேலே காற்றுப் போக்கி வைத்தால் முற்றம் செய்த உறிஞ்சும் வேலையைப் படிக்கூண்டு செய்யும். பார்ப்பதற்கு அது பழைய வீடு போல இருக்காது. வேலை அதேதான்.

நெருக்கமான நகர மனையில் பழைய வீட்டை உருவம் மாற்றிக் காட்டியவர்களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா முதன்மையானவர். துணியில் மெழுகும் சாயமும் கொண்டு வரையும் பாட்டிக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காக 1960-க்கும் 1962-க்கும் இடையே கொழும்பில் அவர் கட்டிய வீடு, தெருவுக்கு வெறும் சுவரைக் காட்டி, உள்ளே ஒரு பெரிய முற்றத்தையும் சிறு முற்றங்களையும் சுற்றி விரிந்தது. நிலப்பிரபுக்களின் மாளிகையைக் குறிக்கும் சிங்களச் சொல்லான 'வளவ்வ' நம் வளவை நினைவூட்டும்; அந்த மரபை நகரத்துக்குள் சுருக்கியதுதான் அந்த வீடு. அக்காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் இரும்பும் கண்ணாடியும் எளிதில் கிடைக்காத நிலையில், கருங்கல்லும் உள்ளூர் மரமும் களிமண் ஓடும் முன்னுக்கு வந்தன. பிற்காலத்தில் அந்த வீடு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுணுகங்காத் தோட்டத்தில் மறுபடி எழுப்பப்பட்டது. நெளி சிமெண்டு தகட்டின் மேல் நாட்டு ஓட்டைப் பரப்பும் முறையைப் பாவா பரவலாக்கினார். தகடு மழையைத் தடுக்க, ஓடு வெயிலை ஏற்க, இரண்டுக்கும் நடுவே காற்று நிற்கிறது. பழமை, புதுமை பற்றிய வாதம் எதுவும் அந்தக் கூரைக்குத் தேவைப்படவில்லை.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வந்த வழி சிக்கனம். 1917-இல் பர்மிங்காமில் பிறந்து, 1945-இல் தொழுநோய் ஒழிப்புப் பணிக்காக இந்தியா வந்த அவர், பின்னர் திருவனந்தபுரத்தில் நிலைத்து 2007-இல் மறையும் வரை நடுத்தரக் குடும்பங்களுக்கும் ஏழைகளுக்கும் வீடு கட்டினார். ஒன்பது அங்குலச் சுவரில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து நடுவே பொந்து விடும் 'ராட் ட்ராப்' (எலிப்பொறி) கட்டுமுறையை அவர் பரப்பினார். செங்கல்லில் ஏறத்தாழ கால்வாசி மிஞ்சும். பொந்தில் அடைபட்ட காற்று சூட்டைத் தடுக்கும். தளத்தின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட்டுக்குச் சுமை தாங்கும் வேலை அதிகமில்லை என்பதால் அங்கே பழைய மங்களூர் ஓடுகளை வைத்து வார்த்தார். கேரளத்து வீடுகளின் மரச்சட்டச் சாளரத்தை, மரம் விலையேறிப்போன காலத்தில், செங்கற்களுக்கு நடுவே துளை விட்ட ஜாலியாக மாற்றினார். மரவேலைக்கும் கண்ணாடிக்கும் ஆகும் செலவு மிச்சம், காற்றும் மங்கிய வெளிச்சமும் எப்போதும் உள்ளே. சென்னை போன்ற ஊரில் அந்த ஜாலி வழியே தூசியும் கொசுவும் வரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உட்புறம் வலைக்கதவு இல்லாமல் அது இங்கே செல்லாது.

பொருள்களைப் பற்றிப் பேசும்போது நாம் மறந்துவிடுவது, வீடு கட்டி முடிவதற்குள்ளேயே செலவாகிவிடும் ஆற்றல். சிமெண்டுக் கிளிங்கர் உருவாக 1450 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். சுண்ணாம்புக்கல் 900 டிகிரியை ஒட்டியே நீறிவிடும். சுவரில் பூசிய சுண்ணாம்பு, காலப்போக்கில் காற்றிலுள்ள கரியமில வாயுவை மீண்டும் ஓரளவு உறிஞ்சிக் கெட்டிப்படும். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்துப் பூசும் ஆட்கள் இன்று குறைவு, கூலியும் நாளும் கூடுதல் என்பது உண்மை; எனவே வெளிச்சுவரை விட்டுவிட்டு உட்சுவரில் மட்டும் சுண்ணாம்பு பூசுபவர்கள் இருக்கிறார்கள். அதில் தவறில்லை. செட்டிநாட்டு வீட்டுத் தரைகளில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாமல், கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணமும் மணலும் சிமெண்டும் சேர்த்து அச்சிட்டு, நீரில் ஊறிப் பதமாவது. ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் 1989 முதல் பரப்பிவரும் அழுத்திய மண்கட்டியும் சுடப்படாததே. 5 சதவீத அளவில் சிமெண்டு சேர்த்தால் போதும். ஆனால் மண் தோண்டும் இடம் மனைக்கு அருகில் இருக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் லாரியில் வந்த மண்கட்டியை இயற்கை வீடு என்று விளம்பரப்படுத்துவது கொஞ்சம் வேடிக்கை.

இனி ஏசி. ஏசியே இல்லாமல் வாழ்வோம் என்று உறுதி எடுப்பவர்களை மதிக்கிறேன், ஆனால் முதியவரும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில் அந்த உறுதி ஒரு மே மாதத்தைத் தாண்டுவது கடினம். அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் இடம்பெற்ற இந்திய வெப்ப ஏற்பு மாதிரியின்படி, வெளிச் சராசரி 32 டிகிரியாக இருக்கும் நாள்களில், சன்னல் திறந்த வீட்டில் வாழ்பவருக்கு 30 டிகிரியே இதமாகப் படும். மின்விசிறிக் காற்று இன்னும் இரண்டு, மூன்று டிகிரியைத் தாங்க வைக்கும். 75 வாட் பழைய விசிறிகள் நான்கை எடுத்துவிட்டு மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி விசிறிகளைப் போட்டு, நாளுக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 108 யூனிட் மிஞ்சும்; தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைவிட அது அதிகம். எனவே நான் சரியென்று கருதும் ஏற்பாடு இதுதான்: கூடமும் தாழ்வாரமும் சமையலறையும் முற்றத்தோடு திறந்திருக்கட்டும், ஒரே ஒரு படுக்கையறை மட்டும் கூரையிலும் மேற்குச் சுவரிலும் தடுப்புப் பெற்று, இடுக்கில்லாத கதவோடு ஏசிக்கென்று தனியே அமையட்டும். முற்றத்தைப் பார்த்த கூடத்தில் ஏசி மாட்டுவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதாகும்.

மேலே சொன்ன ஆற்றல் விதித்தொகுப்பு, சென்னையை உள்ளிட்ட வெப்ப ஈரப் பகுதிகளில் திறக்கக்கூடிய சன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. பாதி மட்டுமே திறக்கும் நகர்த்துச் சன்னலுக்கு அதன் பாதிப் பரப்புதான் கணக்கில் வரும். இந்த விதித்தொகுப்பு 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளை நோக்கி எழுதப்பட்டதால், அரை கிரவுண்டுக் குடும்ப வீட்டை யாரும் கேட்கப் போவதில்லை. ஆயினும் மேஸ்திரியிடம் சொல்ல அது நல்ல அளவுகோல்.

எஞ்சி நிற்பது, இந்தச் சன்னல்களை யார் திறப்பது, யார் சாத்துவது என்ற கேள்வி. பழைய வீட்டில் வெயில் ஏறியதும் சன்னலைச் சாத்தவும், பொழுது சாய்ந்ததும் திறக்கவும், முற்றத்தில் நீர் தெளிக்கவும் நாள் முழுவதும் யாரோ இருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், கணக்கில் வராத உழைப்பு. இன்று கணவனும் மனைவியும் ஒன்பது மணிக்குப் பூட்டிவிட்டுப் போனால் இரவு ஏழு மணிக்குத்தான் வருகிறார்கள், அடைபட்ட வீடு பகலின் சூட்டை அப்படியே தேக்கி வைத்திருக்கிறது. ஆகவே பூட்டிய வீட்டிலும் திறந்திருக்கும் துளைகள் வேண்டும். முன்பு ஒவ்வொரு அறையிலும் உத்தரத்தை ஒட்டி இருந்த வென்டிலேட்டரை, கான்கிரீட் வீடுகள் கைவிட்ட அந்தச் சிறு சன்னலை, கம்பியும் வலையும் போட்டு எதிரெதிர்ச் சுவர்களில் மறுபடி வைக்கலாம். படிக்கூண்டின் உச்சியில் ஒரு வெளியேற்று விசிறியைப் பொருத்தி, இரவு எட்டு மணிக்குத் தானாக ஓடும்படி டைமர் வைத்தால், வீட்டுக்காரர் குளித்துவிட்டுச் சாப்பிட உட்காரும் நேரத்துக்குள் பகல் முழுதும் தேங்கிய காற்று மாறியிருக்கும்.